ரப்பர் கொட்டைச் சூடு

மலேசியாவில், ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஓய்வு நேரம், கண்ணுகளா. செம்பனைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் ஒற்றை ரப்பர் மரத்தில் காய்கள் வெயிலில் பட்பட்டென்று வெடிக்கின்றன. யுகேந்திரன் ஒரு கொட்டையைச் சிமெண்டுத் தரையில் சுடச்சுடப் பரபரவென்று தேய்க்கிறான். நாமெல்லாம் ஒருவர் கையில் ஒருவர் மாற்றி மாற்றி வைத்து விளையாடிய அதே சூடுதான். ஆனால் இங்கே அது, ஈப்போ டவுனிலிருந்து புதிதாக வந்த துளசிக்கு மட்டும் விழுகிறது. "டவுன் பாப்பா, கைய நீட்டு லா!" என்கிறான். துளசி கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். "நாளைக்கு நான் ஸ்கூலுக்கே வரல," என்கிறாள், குரல் உடைகிறது. மீகூன் தின்றுகொண்டிருந்த புனிதா எழுந்து வந்து தன் கையை நீட்டுகிறாள். "டேய், எனக்கு வை." பக்கத்தில் ரஸ்னாவும் நீட்டுகிறாள். "எனக்கும் லா." எந்தக் கையில் வைப்பதென்று தெரியாமல் யுகேந்திரன் விழிக்கிறான். "சீக்கிரம்டா, கொட்டை ஆறுது!" என்கிறாள் புனிதா. சிரிப்பு வெடிக்கிறது. ஒளிந்திருந்த கை ஒன்று மெல்ல முன்னே வந்து, ரஸ்னாவின் கையை உரசி நிற்கிறது.