முற்றத்து ஜின்

தேயிலையைக் கழுவிய சுடுதண்ணீரைப் புது மருமகள் ஸுக்கைனா முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினாள். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்ல மறந்துவிட்டாள்.

மறுநிமிடமே சாக்கடைக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது. தேம்பித் தேம்பி அழும் பெண்குரல்.

மாமியார் லல்லா தாமு கொஞ்சமும் தயங்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“சாக்கடையில ஜின்னுங்க குடியிருக்கும்னு உன் அம்மா சொல்லித் தரலையா? அல்லாஹ் பேரைச் சொல்லி ஊத்தினா அதுங்க விலகிக்கும். நீ வாயை மூடிக்கிட்டு ஊத்தி எதையோ வேக வெச்சிட்ட.”

மொராக்கோவின் மெக்னெஸ் ஊரில் தேநீர் சரியாகப் போடாத மருமகளையே மன்னிக்க மாட்டார்கள். ஜின்னைச் சுட்டவளை விடுவார்களா?

அன்றிலிருந்து தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்து, தேநீருக்காகச் சர்க்கரைக் கட்டியைச் சுத்தியலால் உடைத்ததுமே அழுகை கிளம்பியது. நாத்தனார் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவாள். உப்புத் தூவினார்கள், பால் ஊற்றினார்கள், சாம்பிராணி போட்டார்கள். நிற்கவில்லை. கண்ணை மூடினால் ஸுக்கைனாவின் முன்னால் வெந்துபோன முகம் ஒன்று வந்து நின்றது.

“என் மூத்தவ மாஜிதாவைப் பாரு. பின்தெருவுல வாழ்க்கைப்பட்டு ரெண்டு வருஷமாச்சு. ராணி மாதிரி இருக்கா. ஒரு புகார் உண்டா?” என்று மாமியார் குத்திக்காட்டினாள். அந்த மாஜிதாவை ஸுக்கைனா பார்த்ததே இல்லை. தம்பி கல்யாணத்துக்குக்கூட அவள் வரவில்லை.

கணவன் ஜவாத் கடையை மூடி வருவது இருட்டிய பிறகுதான். அழுகையை அவன் தன் காதால் கேட்டதில்லை. அம்மா சொன்னதைக் கேட்டே பயந்துபோய், நாளைக்கு உன்னைத் தாய்வீட்டில் விடுகிறேன், வீடு அமைதியானதும் பார்க்கலாம் என்றான். ‘பார்க்கலாம்’ என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவளுடைய சித்தி அப்படி வந்தவள்தான், இன்னும் புருஷன் வீடு திரும்பவில்லை.

மறுநாள் துணிமூட்டை வாசலுக்கு வந்தது. கடைசித் தேநீருக்குச் சர்க்கரையை உடைத்தாள். அழுகை கிளம்பியது. மாமியார் உள்ளே இன்னும் தொழுதுகொண்டிருந்தாள்.

ஸுக்கைனா மண்டியிட்டு, சாக்கடைத் துவாரத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். “தெரியாம செஞ்சிட்டேன். உனக்கு என்ன வேணும்?”

அழுகை சட்டென்று நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“எங்கம்மாவைக் கூப்பிடு,” என்றது குரல்.

“உங்கம்மா யாரு?”

“லல்லா தாமு. நான் மாஜிதா. பின்வீட்டுல என்னைப் பூட்டி வெச்சு அடிக்கிறாங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாக்கடை. சர்க்கரை உடைக்கிற சத்தம் வந்தா அம்மா அங்கதான் இருக்காங்கன்னு தெரியும். தினமும் அழறேனே, அம்மாவுக்குக் கேக்கலையா?”

ஸுக்கைனா திரும்பினாள். தொழுகை விரிப்பைக் கையில் மடித்தபடி மாமியார் பின்னால் நின்றாள்.

“கேக்குது,” என்றாள் தணிந்த குரலில். “நீ வர்றதுக்கு முன்னாடியிருந்தே கேக்குது. ஜின் இருக்கிற வீட்டுல சம்பந்தம் பண்ணுவாங்க. வாழாவெட்டி இருக்கிற வீட்டுல பண்ண மாட்டாங்க. சின்னவளை நான் கரையேத்த வேண்டாமா?”

பிறகு வாசலில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். “ஜவாத்கிட்ட நீ வாயைத் திறக்கலைன்னா, உன் மேல இருந்த குத்தம் தீர்ந்துபோச்சுன்னு நானே சொல்லிடறேன். நீ எங்கயும் போக வேண்டாம்.”

ஸுக்கைனா எழுந்தாள். பிறகு மூட்டையை எடுத்துப் போய் அறைக்குள் வைத்தாள். பாவம், சித்தியின் கதி தனக்கும் வந்துவிடுமோ என்று அவளும் பயந்தவள்தான்.

அடுத்த வாரம் சின்னவளைப் பெண் பார்க்க வந்தார்கள். சர்க்கரை உடைபட்டதும் அழுகை கிளம்பியது. மாப்பிள்ளையின் அம்மா வெலவெலத்துப்போய், என்ன சத்தம் என்று கேட்டாள்.

கெண்டியை உயரத் தூக்கி, கண்ணாடிக் குவளையில் நுரை பொங்கப் புதினாத் தேநீரை ஊற்றிக்கொண்டே ஸுக்கைனா சொன்னாள்:

“ஜின்தான். பயப்படாதீங்க. எங்களுக்குப் பழகிடுச்சு.”