இரும்புக் கதவு

மதலேனாவின் நெஞ்சைத் தடவிய கை சட்டென்று நின்றது.

டிக். டிக். டிக்.

மன்னார்ப் பாலத்தடியில் பெண்களைச் சோதிக்க இரண்டு தகரக் கூடுகள் இருந்தன. இது இடப்பக்கத்தது. உள்ளே நின்ற சிப்பாய்ப் பெண் புதியவள். இருபது வயதுகூட இராது.

அவள் காலைப் பின்னால் எட்டி வைத்தாள். முதுகு தகரத்தில் இடித்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

சாக்குத் திரைக்கு வெளியே துவக்கோடு ஆறேழு பேர் நின்றார்கள். இவள் ஒரு சத்தம் போட்டால் போதும். சுட்டுவிட்டுத்தான் என்ன சத்தம் என்று பார்ப்பார்கள்.

மதலேனா இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"குண்டில்லை பிள்ளை. ஹதவத. ஒப்பரேசன்."

ஹதவத என்றால் இருதயம். கொழும்பு வார்ட்டில் படுத்திருந்தபோது பொறுக்கிய சிங்களம்.

சட்டைக் கொக்கியைக் கழற்றச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். பெண் கழற்றினாள். கழுத்துக்குக் கீழே தொடங்கி இறங்கிய நீளத் தழும்பைக் கண்டாள். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. மெல்லக் குனிந்து தழும்பின் மேல் காதை வைத்தாள்.

தலையில் தேங்காயெண்ணெய் மணந்தது.

மதலேனா மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, விட்டாள். டாக்குத்தர் தனக்கு விளங்கப்படுத்தியதை இவளுக்குச் சொல்லத் தொடங்கினாள். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் சிங்களம், மீதி கண் சாடை.

இருதயம் கறுத்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே காற்று வாங்கிச் சிவந்த இரத்தம் மறுபடி இருதயத்துக்கே வருகிறது. பிறகுதான் உடம்பெல்லாம் ஓடுகிறது. அது திரும்பி வருகிற வழியில் ஒரு கதவு இருக்கிறது. சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்றில் மதலேனாவின் கதவு சுருங்கிப் போனது. கேற்றைப் பூட்டினால் இந்தப் பாலத்தில் வாகனங்கள் நிற்குமே, அப்படி இரத்தம் நுரையீரலிலேயே தேங்கியது. நாலு அடி நடந்தால் மூச்சு முட்டியது. கொழும்பில் நெஞ்சைப் பிளந்து புதுக்கதவு போட்டார்கள். இரும்போ எதுவோ. சாத்தும்போதெல்லாம் சத்தம் போடும்.

அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் தலையை எடுக்கவில்லை. பயம் போய், ரேடியோ கேட்கிற பிள்ளையைப் போலக் கண்ணை மூடிக் கேட்டாள்.

மணிக்கூட்டோடு படுத்தால் எப்படி நித்திரை வரும் என்று புருசன் டொமினிக் புறுபுறுப்பான். புறுபுறுத்துக்கொண்டு அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்குவான். அவன் கடலுக்குப் போய் மூன்று வருடம். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. மகள் அக்கரையில், மண்டபம் அகதி முகாமில். பேசாலை வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்க இப்போது மதலேனா மட்டும்தான்.

நெஞ்சில் சாய்ந்திருந்த பெண்ணின் தலையை ஒருமுறை தடவிவிட வேண்டும் போல மதலேனாவுக்கு ஆசையாக இருந்தது. கையை இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே, அவள் வந்த அனுராதபுரம் பஸ் கோர்ன் அடித்தது. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் பிந்திவிடும்.

பெண் நிமிர்ந்தாள். வெட்கத்தோடு சிரித்தாள். கொக்கியைத் தானே பூட்டிவிட்டாள்.

பஸ்ஸுக்கு ஓடும்போது வலப்பக்கக் கூட்டிலிருந்து குசுமா எட்டிப் பார்த்தாள். வருடக்கணக்காக இந்த இடத்தில் நிற்பவள். மதலேனாவை நன்றாகத் தெரியும்.

"அம்மா, ஏன் அந்தப் பக்கம் போனது? நம்ம பக்கம் வந்தா செக்கிங்கே இல்லதானே? புதுப் பொண்ணு, பயந்து சுட்டிருந்தா?"

"கவனிக்கேல்ல பிள்ளை."

கவனித்திருந்தாள். குசுமாவின் பக்கம் வரிசைகூட இருக்கவில்லை.

குசுமாவும் வந்த புதிதில் ஒரு தடவை காதை வைத்துக் கேட்டவள்தான். விசயம் தெரிந்த பிறகு, போகச் சொல்லித் தூரத்திலேயே கையைக் காட்டிவிடுவாள்.