டோனியின் வயிறு

“உங்க முயல் திரும்பவும் மாவில செஞ்சது எதையோ தின்னிருக்கு. வயிறு ஊதிப் போச்சு, புழுக்கையே போடல்ல. இன்னொரு தடவை இப்படி வந்தா டோனி பிழைக்காது” என்றார் மிருக வைத்தியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “புல்லும் வல்லாரையும் தவிர நாங்க எதுவும் குடுக்கிறதில்ல டொக்டர்!”

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஓட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும், பக்கத்து வீட்டுக்காரரோடு, அவர் பிள்ளைகள்தான் டோனிக்குக் கண்டதையும் போடுகிறார்கள், அடக்கி வையுங்கள் என்று சண்டை பிடித்தேன். கூட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மனைவி கொறற்றியிடம் கொடுத்தேன்.

“ஒருத்தரையும் கிட்ட விடாத!”

அவள் கண்ணைத் துடைத்தாள். “தவக்காலத்துக்குன்னு பின்னேரத் தேத்தண்ணியோட திங்கிறத விட்டுட்டேன். இனி டோனி சுகமாகணும்னு காலைச் சாப்பாட்டையும் விட்டுடுறேங்க.”

மறுநாள் வேலை முடிந்து வந்தால், டோனி மூலையில் சுருண்டு கிடந்தது. பூட்டு அப்படியே இருந்தது.

“பூட்டின கூட்டுக்குள்ள எவன் போட்டான்?” என்று கத்தினேன்.

“நான்தான். ஏன் கத்துறீங்க? நாம ஒறுக்கிறது இல்லாதவங்களுக்குப் போகணும்னு ஃபாதர் பூசையில சொன்னாரே. இந்த வீட்டில வெறும் புல்லத் தின்னுக்கிட்டு இருக்கிறது இந்தப் பாவம் ஒண்ணுதானே! அதான் என் பின்னேரப் பணிஸ், காலைப் பாண் எல்லாம் இதுக்கே குடுத்தேன்.”

கொறற்றி பக்தியோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“பயப்படாதீங்க. நாளையிலிருந்து டோனிக்காக மத்தியானச் சோத்தையும் விட்டுடுறேன்.”