இன்னும் ஒரு போல்ட்

"மேடம், இன்னிக்கு உதவிக்கு ஆள் இல்லை. கியர்பாக்ஸோட டார்க் கன்வெர்ட்டரைக் கழட்டணும். இன்ஜின் சுத்தினாத்தான் அடுத்த போல்ட் கைக்கு எட்டும்; நான் அடியில ஒண்ணொண்ணா எடுக்க எடுக்க, நீங்க முன்னாடி நின்னு ஸ்பேனரால இன்ஜினைச் சுத்தித் தர முடியுமா?"

வண்டிக்காரப் பெண்மணி கைப்பையை வைத்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். மெக்கானிக் காருக்கு அடியில் புகுந்தார்.

"சுத்துங்க... போதும்."

ஒரு போல்ட் கழன்றது.

"கை வலிக்குதா மேடம்?"

"இல்லை."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

அப்படியே ஒவ்வொன்றாக வந்து, கடைசி போல்ட்டும் அவர் உள்ளங்கையில் விழுந்தது. கையை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, சுத்துங்க."

ஸ்பேனர் அசையவில்லை.

"எல்லாம் கழண்டாச்சு."

"அங்கேருந்து எப்படித் தெரியும்?"

"விவாகரத்து ஆகுற வரைக்கும் இந்த ஷெட்டுல உங்களுக்குச் சுத்திக் கொடுத்தது யாராம்?"

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஊர்ல எத்தனையோ ஷெட் இருக்கு. நீ ஏன் இங்கே வந்தே?"

"வேற ஷெட்டுக்குப் போகத்தான் கிளம்பினேன்" என்றவள், ஸ்பேனரைப் பிடித்து மறுபடி மெதுவாகச் சுற்றத் தொடங்கினாள்.