ஏதாவது ஒரு காட்சி சொல்லுங்க

“டிரைவ் உயிரோடதான் இருக்கு ஐயா. ஆனா சும்மா தூக்கிக் குடுத்துட முடியாது.”

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த சர்வீஸ் பெண் இப்படிச் சொன்னதும் மேஸ்திரிக்குச் சுருக்கென்றது.

“ஏம்மா, நான் என்ன திருடனா? போன வாரம் உன் கையிலதானே குடுத்தேன்?”

“கோவிச்சுக்காதீங்க. இங்கே எல்லாருக்கும் இதே சட்டம்தான்.”

பென் டிரைவும் மெமரி கார்டும் செய்கிற கம்பெனி அது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. ரிப்பேருக்கு வந்த இடத்தில் ஒரு தடவை டிரைவ் மாறி, ஒரு வீட்டுக் கல்யாணம் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கெடுபிடி. உள்ளே பதிவாகியிருக்கிற ஏதாவது ஒரு காட்சியைச் சொந்தக்காரர் தன் வாயால் சொல்ல வேண்டும். திரையில் அது இருந்தால்தான் டிரைவ் கைக்கு வரும்.

“அவ்வளவுதானே? நல்லாக் கேட்டுக்கோ.” மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருக்கிற மனுஷன். அதையே சொல்லச் சொன்னால் கசக்குமா?

“என் பொண்ணு கல்யாணம். மேடையில போட்டோவுக்கு நிக்கிறாங்க. பெத்த அப்பன் நான், ஏறப் போறேன். தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒருத்தர், அவர்தான் மாப்பிள்ளையோட அப்பா, ‘உனக்கு இங்கே என்ன வேலை’ங்கிற மாதிரி என் கையைப் பட்டுன்னு தட்டி விடறார். நான் திரும்பிப் போயிடறேன். அன்னைக்குப் போனவன்தான். சம்பந்தி இருக்கிற வீட்டு வாசப்படியை இதுவரைக்கும் மிதிச்சதில்லை.”

“இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கலையா ஐயா?”

“அந்த மூஞ்சியை இன்னொரு தடவை பார்க்கவா? பீரோவுல போட்டுப் பூட்டினவன்தான். இப்ப சாட்சிக்கு வேணும்.”

நாளைக்கு மகள் புது வீட்டுக்குக் குடிபோகிறாள். அப்பா வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். “மாமா அப்படிச் செஞ்சிருந்தா வீடியோவைக் காட்டுங்க. நானே அவரை உங்க முன்னால கொண்டுவந்து நிறுத்தறேன். காட்ட முடியலைன்னா பேசாம வந்து சேருங்க” என்று சொல்லிவிட்டாள். அவசரத்தில் டிரைவைத் தலைகீழாகச் செருகி அழுத்தியதில் அதன் நுனி உடைந்துபோனது. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறார்.

சர்வீஸ் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தாள்.

“நீங்க சொன்ன காட்சி இதுல இல்லையே ஐயா.”

“இல்லாம எங்கே போகும்? நேத்து நடந்த மாதிரி கண்ணுலயே நிக்குது!”

“கையைத் தட்டி விடற காட்சி இருக்கு. ஆனா தட்டி விடறது கண்ணாடிக்காரர் இல்லை. அவர் மேடையை விட்டு இறங்கி வந்து, ‘நீங்க இல்லாம என்ன போட்டோ, வாங்க’ன்னு ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூப்பிடறார். நீலச் சட்டை போட்ட அந்த ஆள்தான் படக்குன்னு உதறிட்டுப் போறார். உதறின வேகத்துல இவர் கண்ணாடியே கீழே விழுந்துடுது.”

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. போட்டோவுக்குத் தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று உர்ரென்று ஓரமாகப் போய் நின்றது லேசாக நினைவுக்கு வந்தது. சட்டையின் நிறமும் வந்தது. அப்போது அவருக்குத் தலை நிறைய முடி, முறுக்கு மீசை வேறு. இப்போது இரண்டும் இல்லை. பாவம், இந்தப் பெண் எங்கே கண்டுபிடிப்பாள்?

“வேற ஏதாவது சொல்லுங்க ஐயா. கல்யாணப் பொண்ணு என்ன கலர் உடுத்தியிருந்தாங்க?”

யோசித்தார். தெரியவில்லை.

“கிளம்பும்போது அழுதாங்களா, சிரிச்சாங்களா?”

அதுவும் தெரியவில்லை. அத்தனை பெரிய கல்யாணத்தில் அவர் மனசில் எடுத்து வைத்திருந்தது அந்த ஒரே ஒரு காட்சியைத்தான்.

“அப்ப இது உங்களுது இல்லை போலிருக்கு. எங்கேயோ மாறியிருக்கும். சொந்தக்காரர் தெரியாததை நாங்க வச்சுக்கிறதில்லை ஐயா, அழிச்சிடுவோம்.”

அழிந்தால் நல்லதுதானே? வாயைத் திறக்காமல் எழுந்து போனால் போதும். நீலச் சட்டையை யாரும் பார்க்கப் போவதில்லை. கோபம் அப்படியே இருக்கும். மகளின் கல்யாணம்தான் இல்லாமல் போகும்.

மேஸ்திரி எழுந்தார். பையில் போன் அடித்தது. மகள்.

“அப்பா, நீங்க சொன்னதுதான் நெஜம்! மாமாகிட்டேயும் அந்த வீடியோ ஒரு காப்பி இருக்காம். இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படாம மறைச்சு வச்சிருக்கார். நீங்க கம்பெனிக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னதும் பதறிப்போயிட்டார். ‘அதையெல்லாம் எதுக்கும்மா போட்டுப் பார்க்கறீங்க, தப்பு என்னுதுன்னே வச்சுக்கோ, நானே வந்து உங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்’ங்கறார். தப்பு செய்யாதவர் எதுக்குப்பா மறைக்கணும்? நீங்களே சொல்லுங்க.”

மேஸ்திரி போனைக் காதிலிருந்து எடுத்தார். அணைக்கவில்லை. கவுன்ட்டர் மேல் வைத்தார்.

“அதை அழிச்சிடாதம்மா,” என்றார், போனுக்கும் கேட்கிற குரலில். “அந்த நீலச் சட்டைக்காரன் நான்தான்.”