ஓட்டுக்கு ஒரு கடலை உருண்டை

வாசகசாலை வாசற்படியில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு கடலை உருண்டையை வைத்தாள் முத்தாள் ஆச்சி. வைத்த கையோடு குனிந்து காதில் என்னவோ சொன்னாள். பிள்ளை தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடியது.

தெருமுனையில் வரும்போதே இதைப் பார்த்துவிட்ட சொர்ணவல்லி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு ஓட்டுப் போடுகிற நாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னஞ்சிறுசுகளுக்காக வந்த புத்தகங்களில் சிறந்ததற்கு வாசகசாலை பரிசு கொடுக்கப் போகிறது. பரிசு வாங்குகிற புத்தகம்தான் சுற்றுவட்டாரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லார் கைக்கும் போகும்.

"படிக்கப் போறது பிள்ளைக. அதுகளே சொல்லட்டும்" என்று லைப்ரேரியன் அய்யாக்கண்ணு ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம். தேசத்துக்கே முதல் தேர்தல் அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. அதில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்த மாதிரியே இங்கே புத்தகத்துக்கு ஒரு பிஸ்கட் டப்பா, மேலே அட்டைப்படம். பழைய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தது. பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்த டப்பாவில் போட வேண்டியது.

கடைசிப் போட்டியில் நின்றது இரண்டு புத்தகம். ஒன்று, மீமிசல் பக்கத்துத் தபால்காரர் ஒருவர் எழுதிய 'குடை கேட்ட தவளை.' தொட்டால் விரலில் மை ஒட்டும். இன்னொன்று, தேனப்பன் செட்டியார் எழுதிய நீதிப்பாட்டுப் புத்தகம். கெட்டி அட்டை, வழவழவென்று தாள்.

செட்டியார் வாசகசாலைக்குத் தலைவர். ரைஸ் மில் முதலாளி. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர். முத்தாள் ஆச்சியின் வீட்டுக்காரர்.

'அதான் சங்கதி' என்று டீச்சர் மனசுக்குள் பல்லைக் கடித்தாள்.

நேற்றுக்கூட வகுப்பில் இரண்டு புத்தகத்தையும் தூக்கிக் காட்டி, "இது நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் குடுத்த செட்டியார் எழுதினது. நன்றி மறக்கக் கூடாது, என்ன? இது யாரோ எழுதின தவளைக் கதை" என்று பொறுமையாக விளக்கித்தான் அனுப்பியிருந்தாள். காலையில் விளக்கேற்றும்போது, "தாயே பிரகதாம்பா, பிள்ளைக மனசை யாரும் கலைக்காம நீதான் பாத்துக்கணும்" என்று வேண்டிக்கொண்டும் வந்திருந்தாள்.

இங்கே வந்தால் இந்தக் கூத்து.

நேரே ஆச்சியிடம் போனாள்.

"என்ன ஆச்சி, பிள்ளைக காதுல மந்திரம் ஓதுறீங்களாக்கும்?"

"ரகசிய ஓட்டுன்னுதானே சொன்னாக டீச்சர்? நாஞ் சொல்றதும் ரகசியந்தான்." ஆச்சி சிரித்துக்கொண்டே டின்னை நீட்டினாள். "நீங்களும் ஒண்ணு சாப்புடுங்க. ஒங்களுக்கும் வேண்டியதுதான்."

வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது. வாங்கிக் கையில் மூடிக்கொண்டாள். வாயில் போட மனசு வரவில்லை.

உள்ளே நுழைந்த தன் வகுப்புப் பையன் வீரய்யாவை இழுத்து நிறுத்தினாள்.

"ஏன்டா, ஆச்சி ஒங்கிட்ட என்னடா சொன்னாக?"

வாய் நிறைய உருண்டையோடு அவன் கையை விரித்தான். "கொட்டையப் போட்டு முடிக்கிற வரைக்கும் யார்ட்டயும் சொல்லக் கூடாதாம் டீச்சர்."

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அய்யாக்கண்ணுவிடம் போனாள்.

"சார், இந்த ஓட்டு செல்லாதுன்னு சொல்லிருங்க. வாசல்லயே வெலை பேசியாச்சு. பாவம், அந்தத் தபால்காரர்."

அய்யாக்கண்ணு வாசலை எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"தலைவர் வீட்டு ஆச்சியைப் போயி நான் என்னன்னு கேக்குறது? எனக்கும் குடும்பம் குட்டி இருக்குங்க டீச்சர். முதல்ல எண்ணிப் பாப்போம்."

"பெரிய மனுசங்களுக்குப் பயந்தா நியாயம் எங்க சார் நெலைக்கும்?"

அவர் வேட்டித் திரையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் முதலில் செட்டியார் புத்தகத்து டப்பாவைக் கவிழ்த்தார்கள். டொக் டொக்கென்று நாலு கொட்டை விழுந்து, அதோடு நின்றுவிட்டது.

தவளை டப்பாவைக் கவிழ்த்தார்கள். மேசை கொள்ளாமல் தரையெல்லாம் உருண்டது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செட்டியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தவளைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்று முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உருண்டையையும் தின்றுவிட்டு ஆச்சியையே ஏய்த்துவிட்டதுகளா இந்தப் பிள்ளைகள்?

மில்லில் மூட்டை தூக்குகிறவர் மகள் அழகி பக்கத்தில் நின்றாள்.

"அழகி, இங்கிட்டு வா. இப்பச் சொல்லலாம்ல? ஆச்சி என்ன சொன்னாக?"

"உருண்டையத் தின்னுட்டு, மத்தவங்க சொன்னதையெல்லாம் மறந்துரணும்னாக டீச்சர். மறந்துட்டு, எந்தக் கதை ஒனக்குப் பிடிச்சிருக்கோ அதுல போடுன்னாக."

"மத்தவங்க சொன்னதுன்னா?"

"எங்கய்யா சொன்னது. செட்டியார் டப்பாவுலதான் போடணும், இல்லாட்டி மில்லுல வேலை போயிரும்னாரு."

டீச்சருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"பாவம், பயந்த மனுசன். வேற யாரு சொன்னதை மறந்தே?"

அழகி தரையைப் பார்த்தாள். டீச்சரின் மூடிய கைக்குள் உருண்டை பிசுபிசுத்தது.

"நேத்து வகுப்புல நீங்க சொன்னதை, டீச்சர்."