எழுபது படத்து மாமியார்

"அண்ணே, அந்த ராட்சசி வூட்டுக்கா நம்ம பொண்ணைக் கொடுக்கறது? அதுக்கு அவ கல்யாணமே இல்லாம நம்ம வூட்லயே இருந்துட்டுப் போவட்டும்!"

அரியலூரில் பஸ் ஏறும்போது ஆரம்பித்த புலம்பல். பெரம்பலூரில் பஸ் மாறியபோதும் ஓயவில்லை. பாடாலூரில் இறங்கிய பிறகும் சிந்தாமணி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை தமிழழகன் தங்கமான பையன். சொந்தமா டிராக்டர் சாமான் கடை வச்சிருக்கான். அவன் அம்மா கலைமணி அந்தக் காலத்துல சினிமாவுல நடிச்சது ஒரு குத்தமா?" என்றார் அண்ணன் குருமூர்த்தி.

"நடிச்சதைக் குத்தம் சொல்லலைண்ணே. என்னவா நடிச்சாங்க? எழுபது படம். எழுபதுலயும் மருமவளைக் கொடுமை பண்ற மாமியா! நெறமாசப் புள்ளத்தாச்சிய மழையில வெளிய தள்ளிக் கதவைச் சாத்துனாங்களே, அதைப் பாத்துட்டு நம்ம அம்மா டூரிங் டாக்கீஸ் மணலை வாரித் திரையில தூத்துனது மறந்துபோச்சா?"

குருமூர்த்திக்கு மறக்கவில்லை. கொட்டகைக்காரன் குடும்பத்தோடு வெளியே அனுப்பியதும் மறக்கவில்லை. அந்த முகத்துக்குப் பயந்து ஏற்கெனவே மூன்று பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டதாகத் தரகர் சொல்லியிருந்தார். ஆனால் பையனுக்கு முப்பத்தெட்டு, இங்கே சிந்தாமணியின் மகளுக்கு முப்பத்திரண்டு. பொறுக்கி எடுக்கிற வயதை இரண்டு பக்கமும் தாண்டியாகிவிட்டது.

"அதுக்குத்தானே சொல்லாம கொள்ளாம விசாரிக்க வந்திருக்கோம். வழியில போறவங்க மாதிரி தண்ணி கேப்போம். அந்த வூட்டு லட்சணம் ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

வழியில் போகிறவர்களாம்! ஒருவர் கஞ்சி மொடமொடக்கும் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். இன்னொருவர் உச்சி வெயிலில் பட்டுப்புடவை கட்டி, முழம் மல்லிகை வைத்திருந்தார்.

வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் வயதான அம்மாள் ஒருத்தி கூடை நிறையச் சின்ன வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

அம்மாள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் சீறியது.

"அங்க யாருகிட்ட கெழவி வாயடிக்கிற? கூடை காலியானாத்தான் உனக்கு இன்னைக்குச் சோறு!"

அம்மாள் பதறிப்போய் எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"சத்தமில்லாம குடிங்க. பெரிய மருமவ நந்தினி. நல்ல பொண்ணுதாங்க, வாய்தான் கொஞ்சம் அப்படி."

சிந்தாமணி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். படங்களில் பார்த்த அந்தக் கோணல் புருவம் காட்டிக்கொடுத்தது.

"நீங்க... நடிகை கலைமணி அம்மாவா?"

"ஆமாங்க. ஒரு காலத்துல." அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கதாநாயகி ஆவணும்னுதான் மெட்ராசுக்குப் போனேன். இருபத்தி நாலு வயசுல தலையில மாவைக் கொட்டி, என்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்த ஆளுக்கு அம்மாவா நிறுத்திட்டாங்க. நான் முறைச்சது ஜனங்களுக்குப் புடிச்சுப்போச்சு. அதுக்கப்புறம் ஒரு படத்துலயும் என்னைச் சிரிக்க விடலை. பஸ்ல ஏறுனா பக்கத்துல ஒரு பொம்பளை உக்கார மாட்டா."

"அடப்பாவமே!"

"அதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேங்க. இப்ப இந்த மூஞ்சியைப் பாத்துட்டு என் சின்னப் புள்ளைக்கு யாரும் பொண்ணு கொடுக்க மாட்டேங்கறாங்க. அதான் தாங்க முடியலை."

"இன்னும் என்ன அங்க பேச்சு?" உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது.

அம்மாள் சட்டென்று உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். சிந்தாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த மனுஷியைப் போய்த் திட்டியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் தெருமுனை திரும்புவதற்குள் அழுகை நின்று, முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, தரகருக்குப் போனைப் போடுங்க. இந்த எடத்தை விடவே கூடாது. மாமியா வாயில்லாப் பூச்சி!"

"அந்தப் பெரிய மருமவ?"

"அவ கெடக்கறா. நம்ம பொண்ணு வாய் மட்டும் என்ன குறைச்சலா? அவ அப்பாரையே வூட்ல பேச விடாதவ. ஓரகத்தியை ஒரே வாரத்துல அடக்கிடுவா!"

குருமூர்த்தி தரகரிடம் சம்மதம் சொன்னார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் கலைமணியின் செல்போன் ஒலித்தது. அவள் "சரிங்க, சந்தோசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

உள்ளேயிருந்து நந்தினி அழுதுகொண்டே ஓடிவந்து அவள் காலில் விழுந்தாள்.

"அத்தை, மன்னிச்சிடுங்க அத்தை! உங்களைப் போய்க் கெழவின்னு... என் நாக்கு அழுவிப் போவ!"

"எந்திரிடி, காரியம் பழம்!" என்று கலைமணி அந்தப் பழைய புருவத்தைத் தூக்கினாள். "ஆனா இவங்க வர்றாங்கன்னு தரகர் சொன்னதும் நான் எழுதிக் கொடுத்த வசனத்துல பாதியை முழுங்கிட்ட. முறையா வூடு பாக்க வர்றன்னிக்காவது என்னை வாய் நெறையத் திட்டு!"